‘சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது’: தில்லைநகர் மாடியில் பத்து வாரக் கணிமைக் கோட்பாடு வகுப்பு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பத்து ஞாயிற்றுக்கிழமை, 4,500 ரூபாய், காலை 10 மணி முதல் 1 மணி வரை என்று பேச்சு, ஆனால் ஒரு நாளும் 1:40-க்கு முன்னால் விட்டதில்லை. இடம் திருச்சி தில்லைநகரில் ஒரு குறுக்குத் தெரு, கீழே மருந்துக்கடை, இரண்டாவது மாடியில் வகுப்பு, போர்டு கிடையாது. நடத்துபவர் கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். பெயர் போடவில்லை, அவரே வேண்டாம் என்றார்: “பதினெட்டு நாற்காலிதான் இருக்கு தம்பி, நீ எழுதி நாற்பது பேர் வந்து நின்னா எங்க உட்கார வைக்கறது?” வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாடம் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், அதாவது கணிமைக் கோட்பாடு: கம்ப்யூட்டரால் எது முடியும், எது முடியாது என்று ஆராயும் பாடம். கல்லூரியில் படித்தவர்களுக்கு டிஓசி என்றால் வயிற்றைக் கலக்கும். நானும் அப்படித்தான், வட்டம் வட்டமாக வரைந்து அம்புக்குறி போட்டு, கேள்வித்தாளில் எது வரும் என்று சீனியரிடம் கேட்டு, பாஸ் ஆகி, மறந்தும் போனவன். இப்போது கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒரு கம்பெனியில் வேலை. யாருக்குக் கடன், யாருக்கு இல்லை என்று முடிவு செய்யும் விதிகளை எழுதும் குழுவில் இருக்கிறேன். வீட்டில் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்பார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொள்வேன்.

போன வருடம் மச்சான் ஆட்டோ மாற்றுவதற்குக் கடன் கேட்டுப் போனார். எங்கே என்று சொல்லப்போவதில்லை. எல்லாக் காகிதமும் சரி, பழைய கடனில் ஒரு தவணைகூடத் தவறவில்லை. கவுன்டரில் இருந்த பையன் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு “சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது அண்ணே” என்று சொல்லி அனுப்பிவிட்டான். மச்சான் என்னிடம் வந்து, “மாப்ள, நீங்கதான் கம்ப்யூட்டர்ல இருக்கீங்களே, அது ஏன் எடுக்க மாட்டேங்குது?” என்றார். அது எங்கள் கம்பெனியின் மென்பொருள் இல்லை. ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் எந்த மாதிரி வரிகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதே மாதிரி வரிகளை நானும் எழுதியிருக்கிறேன். பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரம்தான் ஒரு நண்பர் இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னார். ‘கணிமைக் கோட்பாடு, அதோடு அது சமூகத்தில் என்ன செய்கிறது’ என்று ஒரு ஜெராக்ஸ் தாள். சரி, போய்ப் பார்ப்போம்.

முதல் வாரம் சாதாரணம்தான். நிலைப் பொறிகள், அதாவது ஃபைனைட் ஆட்டோமேட்டா. மேடம் மொட்டைமாடி டாங்க் மோட்டாரை வைத்து விளக்கினார். மோட்டாருக்கு இரண்டே நிலை, சென்சார் சொல்வதைக் கேட்டு இதிலிருந்து அதற்கு மாறும், நேற்று எத்தனை முறை ஓடியது என்று அதற்கு நினைவில்லை. ஒரு மணி நேரத்தில் முடித்திருக்கலாம், மூன்று மணி நேரம் போனது. இரண்டாவது வாரம் கோலம். புள்ளி வைத்துக் கோலத்தை இழுத்துக்கொண்டே, இந்த மாதிரி வடிவங்களை இலக்கண விதிகளாக எழுத முடியும் என்று 1970-களிலேயே தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் ஆராய்ந்து எழுதியதைச் சொன்னார். நான் கல்லூரியில் நான்கு வருடம் இருந்தேன், ஒரு வாத்தியாரும் இதைச் சொன்னதில்லை. அந்த இலக்கணங்கள் உலகம் முழுவதும் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

மூன்றாவது வாரத்தில்தான் காசுக்கு வேலை ஆரம்பித்தது. 1936-இல் கேம்பிரிட்ஜில் 23 வயசுப் பையன் ஆலன் டூரிங் கேட்ட கேள்வி. அப்போது கம்ப்யூட்டர் என்றால் எந்திரம் இல்லை, உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள். அந்த ஆள் தாளில் என்ன செய்கிறார் என்று உரித்து உரித்துப் பார்த்தால் மிஞ்சுவது, ஒரு கட்டத்தைப் பார்க்கிறார், எழுதுகிறார் அல்லது அழிக்கிறார், பக்கத்துக் கட்டத்துக்குப் போகிறார், அவ்வளவுதான். இதைச் செய்யும் ஒரு கற்பனை எந்திரத்தை அவர் வைத்துக்கொண்டு, எந்தக் கணக்கையும் முடிவு செய்யப் பொதுவான வழி உண்டா என்று ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட் 1928-இல் கேட்டதற்கு ‘இல்லை’ என்று நிறுவினார். அதே வருடம் அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் வேறு வழியில் அதே பதிலுக்கு வந்திருந்தார். கவனியுங்கள், அப்போது டிஜிட்டல் கம்ப்யூட்டர் என்று ஒன்று இல்லவே இல்லை. பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே அதனால் என்னவெல்லாம் ஆகாது என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்த நிரூபணத்தை மேடம் நடத்திய விதத்துக்கே பாதி ஃபீஸைக் கொடுக்கலாம். வகுப்பில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் இருந்தார், எல்லாரும் அவரை ஐயா என்போம். அவரை எழுப்பி நிற்க வைத்து, “ஐயா, நீங்கதான் ஜோசியர். எந்த ப்ரோகிராமைக் காட்டினாலும் அது ஓடி முடியுமா, முடியாம சுத்திக்கிட்டே இருக்குமான்னு தப்பாம சொல்லுவீங்க” என்றார். அப்புறம் கடைசி வருடம் படிக்கும் ஒரு பெண்ணை எழுப்பி, “நீ வம்புக்காரி. நேரா ஜோசியர்கிட்ட போய், ‘நான் நிப்பேனா, சுத்துவேனா’ன்னு கேக்கணும். நிப்பேன்னு சொன்னா சுத்தணும். சுத்துவேன்னு சொன்னா நின்னுடணும்” என்றார். அந்தப் பெண் போய்க் கேட்டாள். ஐயா “நிற்பாய்” என்றார். அவள் நாற்காலிகளைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். “இல்ல இல்ல, சுத்துவே” என்றார். சட்டென்று நின்றுவிட்டாள். ஐயா வாயைத் திறந்தபடி ஒரு நிமிடம் அப்படியே நின்றார். ஜோசியர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது இங்கே விஷயமே இல்லை, அப்படி ஒரு ஜோசியர் இருக்கவே முடியாது. கல்லூரியில் இதே நிரூபணத்தை நான் மனப்பாடம் செய்து 12 மதிப்பெண் வாங்கினேன், புரிந்தது இந்த மாடியில்தான்.

புரிந்ததும் எல்லாருக்கும் தலையில் ஏறிவிட்டது. “அப்ப எந்த ப்ரோகிராமும் சரியா இருக்குன்னு சொல்லவே முடியாதா மேடம்?” என்று நான்தான் கேட்டேன். மேடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இந்தப் பத்து வாரத்தின் சாரம். எந்த ப்ரோகிராமைக் கொடுத்தாலும் சொல்லும் பொது வழி இல்லை என்பது ஒன்று, இந்த ஒரு ப்ரோகிராமைச் சரிபார்க்க முடியாது என்பது முற்றிலும் வேறு. பாரிஸ் மெட்ரோவின் 14-ஆவது தடம் 1998-இல் ஓட்டுநர் இல்லாமல் ஓட ஆரம்பித்தது, அதன் பாதுகாப்பு மென்பொருளைக் கணித முறையில் நிறுவித்தான் எழுதினார்கள். செல்ஃபோர் (seL4) என்று ஓர் இயங்குதளக் கரு, அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, 2009-இல் அதை வரிவரியாக நிறுவிக் காட்டினார்கள். செலவு பிடிக்கும், காலம் பிடிக்கும், ஆனால் முடியும். “முடியாதுங்கறது வேற, மாட்டேங்கறது வேற. நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒண்ணாக்கிடுவாங்க” என்றார்.

இங்கே ஒரு சின்ன விலகல். தமிழில் நாம் பேனாவுக்கும் பைக்குக்கும்கூட மனசு வைத்துப் பேசுகிறோம். பேனா எழுத மாட்டேங்குது, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. அதே வரிசையில் சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது. பேனா விஷயத்தில் இது வேடிக்கை. கவுன்டரில் சொல்லும்போது, மாட்டேன் என்று சொன்னவன் யாரோ ஒருவன் எங்கேயோ இருக்க, பழி பெட்டி மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. மச்சானும் அதைப் பெட்டியின் பிடிவாதமாகத்தான் எடுத்துக்கொண்டார், சண்டைகூடப் போடவில்லை. பெட்டியோடு யார் சண்டை போடுவார்கள்?

அடுத்த வாரம் பிரிட்டன் தபால் துறை விவகாரம், மூன்று மணி நேரமும் அதுவே. 1999-இல் கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் போட்டார்கள், செய்து கொடுத்தது ஃபுஜிட்சு. கணக்கில் பணம் குறைகிறது என்று திரை காட்டும், கல்லாவில் குறைந்திருக்காது. திரையை நம்பி, கிளை நடத்தியவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானார்கள். கர்ப்பிணியாக இருந்த ஒரு பெண் 2010-இல் சிறைக்குப் போனார். உதவி எண்ணைக் கூப்பிட்டவர்களிடம் ‘உங்களுக்கு மட்டும்தான் இப்படி, வேறு யாருக்கும் இல்லை’ என்று சொன்னதாகப் பலரும் பின்னால் சாட்சி சொன்னார்கள். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது, 2024-இல் ஒரு சட்டம் போட்டு மொத்தமாகத் தண்டனைகளை நீக்கினார்கள்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாதது அதற்கடியில் இருந்த சட்டம். அங்கே முன்பு கம்ப்யூட்டர் தரும் ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்க வேண்டுமென்றால் அந்தக் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்று காட்ட வேண்டும் என ஒரு பிரிவு இருந்ததாம். 1999-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம், வேறு மாதிரி காட்டும்வரை எந்திரம் சரியாகத்தான் வேலை செய்தது என்று வைத்துக்கொள்வது வழக்கமானது. மேடம் கரும்பலகையில் ஒரு பக்கம் டூரிங் 1936, ரைஸ் 1953 என்று எழுதினார். ஹென்றி ரைஸின் தேற்றம், ஒரு ப்ரோகிராம் என்ன செய்யும் என்பதைப் பற்றிய சுவாரசியமான எந்தக் கேள்விக்கும் எல்லா ப்ரோகிராமுக்கும் பொருந்தும் பொது விடை வழி இல்லை என்பது. மறு பக்கம் ‘எந்திரம் சரி என்று வைத்துக்கொள்’ என்று எழுதினார். ஒன்றும் பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். வகுப்பில் இருந்த ஜூனியர் வக்கீல் ஒருவர், குற்றம் சாட்டப்பட்டவரே ப்ரோகிராமில் பிழை இருக்கிறது என்று காட்ட வேண்டும், ஆனால் ப்ரோகிராமைப் பார்க்கும் வழி அவர் கையில் இல்லை, அப்படியானால் அவர் எதை வைத்துக் காட்டுவார் என்று கேட்டார். அன்றைக்கு 2 மணிக்குத்தான் கலைந்தோம்.

ஐந்தாம், ஆறாம் வாரம் கடினமான கணக்குகள். லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை என்று 20 ஊர், சிலிண்டர் லாரி எல்லா ஊருக்கும் ஒரு முறை போய்த் திரும்ப வேண்டும், மிகக் குறைந்த தூரம் எது? ஒவ்வொரு வழியாக எண்ணினால் சுமார் 608 கோடி கோடி வழி. நொடிக்கு ஒரு கோடி வழி பார்க்கும் எந்திரம் கொடுத்தாலும் 190 வருடத்துக்கு மேல் ஆகும். இந்த மாதிரிக் கணக்குகள் ஒரே குடும்பம், ஒன்றுக்கு வேகமான வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைத்த மாதிரி என்று 1971-இல் ஸ்டீபன் குக் அடித்தளம் போட்டார், அடுத்த வருடம் ரிச்சர்ட் கார்ப் 21 கணக்குகளை அந்தக் குடும்பத்தில் சேர்த்தார். வேகமாக விடை காணக்கூடிய கணக்குகள் பி, கொடுத்த விடையை வேகமாகச் சரிபார்க்கக்கூடியவை என்பி, இரண்டும் ஒன்றா என்பதற்கு 2000-த்தில் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது. நம் ஆட்கள் பங்குக்கு, ஒரு எண் பகா எண்ணா என்று வேகமாகச் சொல்லும் வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியில் அகர்வாலும் கயாலும் சக்சேனாவும் கண்டுபிடித்தார்கள், அதில் இரண்டு பேர் அப்போதுதான் படிப்பை முடித்த பையன்கள்.

பின் வரிசைப் பையன் ஒருவன் விடவில்லை. “மேடம், 20 ஊரை என் லேப்டாப்பே சில நொடியில போட்டுடும்” என்றான். மேடத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம், இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி. “போடும்டா! ஒவ்வொண்ணா எண்ணினா 190 வருஷம், மூளையோட எண்ணினா சில நொடி. 2006-ல 85,900 புள்ளிக்கு மிகச்சிறந்த வழியைக் கண்டுபிடிச்சு, அதுதான் சிறந்ததுன்னு நிறுவியும் காட்டிட்டாங்க.” மோசமான நிலையில் கடினம் என்பதற்கும் கைக்கு வந்த இந்தக் கணக்கு கடினம் என்பதற்கும் தூரம் இருக்கிறது. எங்கள் ஆபீசில் ஒரு மேனேஜர் கஷ்டமான வேலை எது வந்தாலும் ‘இது என்பி-ஹார்ட்’, அதாவது இந்தக் குடும்பத்துக் கணக்குகள் அளவுக்காவது கடினம், என்று சொல்லித் தள்ளிவிடுவார். அடுத்த மீட்டிங்கில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழாவது வாரம் ஆஸ்திரேலியாவின் ரோபோடெட். இது பத்தே நிமிடத்தில் மண்டையில் ஏறியது, ஏனென்றால் இதில் கோட்பாடே இல்லை. உதவித்தொகை வாங்குபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருமானத்தைச் சொல்ல வேண்டும். அரசு, வரித் துறையில் இருந்த வருட வருமானத்தை 26-ஆல் வகுத்து, ஒவ்வொரு இரண்டு வாரமும் அதே அளவு சம்பாதித்ததாக வைத்துக்கொண்டு, ‘நீ கூடுதலாக வாங்கியிருக்கிறாய், திருப்பிக் கொடு’ என்று லட்சக்கணக்கானோருக்குக் கடன் நோட்டீஸ் அனுப்பியது. ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் சும்மா இருந்தவன் கதி? 2019-இல் நீதிமன்றத்தில் இது சட்டப்படி செல்லாது என்றானது, 2023-இல் விசாரணை ஆணையம் இதைக் கொடூரம் என்றே எழுதியது. வகுத்தல் கணக்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும். முடிவு செய்ய முடியாத கணக்கும் இல்லை, கடினமான கணக்கும் இல்லை, கேட்ட கேள்வியே தப்பு. அதைத் தடுக்க எந்தத் தேற்றமும் வராது.

எட்டாவது வாரம் எனக்கு உறைத்த வாரம். மேடம் இரண்டு எவர்சில்வர் தாம்பாளமும் ஒரு பை புளியங்கொட்டையும் கொண்டுவந்தார். தாயம் ஆடத் தேய்ப்போமே, அந்த மாதிரி ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த கொட்டைகளும் தேய்க்காத கொட்டைகளும். தட்டுக்கு 100. ஒவ்வொரு தட்டும் ஓர் ஊர். வெள்ளை தெரியும் கொட்டை, கடனைத் திருப்பப் போகாதவர். முதல் தட்டில் 50 வெள்ளை, இரண்டாவதில் 20. இனிமேல் ப்ரோகிராம் வரும், அது ‘இவருக்குக் கொடுக்காதே’ என்று நினைக்கும் கொட்டைக்குக் குங்குமம். முதல் தட்டில் 50 கொட்டைக்குப் பொட்டு வைத்தார், அதில் 40 வெள்ளை, 10 கறுப்பு. இரண்டாவது தட்டில் 20-க்குப் பொட்டு, 16 வெள்ளை, 4 கறுப்பு.

“இப்ப நான் கம்பெனிக்காரி. பொட்டு வச்சதுல ரெண்டு ஊர்லயும் 80 சதவீதம் சரியாச் சொல்லியிருக்கேன். திருப்பாதவங்கள்ல ரெண்டு ஊர்லயும் 80 சதவீதத்தைப் பிடிச்சிருக்கேன். பாரபட்சம் உண்டா?” இல்லை என்றோம். “இப்ப கறுப்புக் கொட்டை பேசுது. முதல் ஊர்ல ஒழுங்காத் திருப்பக்கூடியவங்க 50 பேர், அதுல 10 பேருக்குப் பொட்டு. ரெண்டாவது ஊர்ல 80 பேர், 4 பேருக்குத்தான் பொட்டு.” இருபது சதவீதம், ஐந்து சதவீதம். முதல் ஊரில் பிறந்த நாணயஸ்தனுக்கு நான்கு மடங்கு அநியாயம், அதுவும் கம்பெனிக்காரி ஒரு பொய்யும் சொல்லாமல். எங்களையே பொட்டை மாற்றி வைத்துச் சரிசெய்யச் சொன்னார். அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து கொட்டையை நகர்த்தினோம், விரலெல்லாம் குங்குமம். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணுகிறது. இரண்டு ஊரின் கணக்கும் ஒன்றாக இருந்தாலோ ப்ரோகிராம் தப்பே செய்யாததாக இருந்தாலோ தவிர, பொட்டு எவ்வளவு சரி, திருப்பாதவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, ஒழுங்கானவர்களில் எத்தனை பேருக்கு அநியாயப் பொட்டு என்ற மூன்றும் ஒரே நேரத்தில் இரண்டு ஊருக்கும் சமமாக வராது.

இது வெறும் கொட்டை விளையாட்டு இல்லை. அமெரிக்காவில் கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் காம்பஸ் என்ற மென்பொருளை, ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் கவுன்ட்டியில் 7,000-க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களை எடுத்து 2016-இல் ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. பின்னால் ஒரு குற்றமும் செய்யாதவர்களில், ஆபத்தானவர் என்று முத்திரை விழுந்தவர்கள் கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம், வெள்ளையரில் 23.5 சதவீதம். செய்த கம்பெனி, முத்திரை விழுந்தவர்களில் எங்கள் கணிப்பு இரண்டு இனத்துக்கும் ஒரே அளவு சரி என்றது. இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதே வருடம் ஜான் கிளைன்பெர்க், செந்தில் முல்லைநாதன், மனிஷ் ராகவன் மூவரும், தனியாக அலெக்சாண்ட்ரா சோல்டசோவாவும், இந்த நியாயங்கள் ஒன்றாக நிற்க முடியாது என்று நிறுவினார்கள். இங்கே ‘முடியாது’ நிஜமான முடியாதுதான். ஆனால் எந்த நியாயத்தை விடுவது என்பதை எந்திரம் முடிவு செய்வதில்லை, ஒருவர் செய்கிறார், பெரும்பாலும் செய்கிறோம் என்று தெரியாமலே. நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

வங்கி ஐயாதான் கடைசியில் முதல் தட்டைக் காட்டிக் கேட்டார்: “அந்த ஊர்ல மட்டும் ஏன் 50? நான் வேலை பார்த்த இடத்துல அப்படி ஒரு ஊர் உண்டு. கடைமடைப் பகுதி. தண்ணி வராத வருஷம் தவணையும் வராது. ஆளைப் பார்த்தா நமக்குத் தெரியும், எவன் ஏமாத்தறவன், எவனுக்கு வயல் காஞ்சுதுன்னு. உங்க கொட்டைக்கு அது தெரியாது.” மேடம் மறுக்கவில்லை. ஆனால் ஆளைப் பார்த்து முடிவு செய்த காலத்தில் யார் யாருக்கெல்லாம் கவுன்டர் வரைக்கும் வரவே தைரியம் இல்லாமல் இருந்தது என்று அவரிடம் கேட்டார். ஐயா கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. இந்த மாதிரி இடங்களில் மேடம் யார் பக்கமும் சாயாமல் விட்டுவிடுவார், எனக்கு அது பிடித்தது, சிலருக்கு எரிச்சல்.

குறைகளும் சொல்ல வேண்டும். ஒன்பதாவது வாரம் வீண். வெளியிலிருந்து ஒருவரை அழைத்து ‘தொழில்நுட்பமும் அறமும்’ என்று பேச வைத்தார்கள், அவர் ஸ்லைடைப் பார்த்துப் படித்தார். பொறுப்பு, வெளிப்படைத்தன்மை, நம்பகத்தன்மை என்று வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன, ஒரு கொட்டைகூட நகரவில்லை. பாதியில் டீ குடிக்கப் போன நான் திரும்பி வர அவசரப்படவில்லை. குறிப்புகள் எல்லாம் மூன்றாம் தலைமுறை ஜெராக்ஸ், அதுவும் ஆங்கிலத்தில், அம்புக்குறிகள் எந்தப் பக்கம் போகின்றன என்றே தெரியாது. ரகசியக் குறியீடு பற்றி ஒரே ஒரு மணி நேரம்தான். நம் ஆன்லைன் பணப் பரிமாற்றத்தின் பாதுகாப்பு, சில கணக்குகள் கடினம் என்ற நம்பிக்கை மேல் நிற்கிறது, அது கடினம்தான் என்று இன்னும் யாரும் நிறுவவில்லை என்று சொல்லி எங்களைப் பயமுறுத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் எடுத்திருக்கலாம்.

சாட்பாட், ஏஐ எல்லாம் வரும் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் ஏமாந்தார்கள், இரண்டு பேர் பாதியில் நின்றும்விட்டார்கள். மேடம் அதற்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினார். அதுவும் கம்ப்யூட்டரில் ஓடும் ப்ரோகிராம்தான், வம்புக்காரி அதையும் மடக்குவாள், மற்றபடி அது ஏன் அப்படிப் பதில் சொன்னது என்பது இந்தப் பாடத்தில் வராது என்றார். நேர்மையான பதில்தான், ஆனாலும் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றியது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். அங்கே கேட்கும் மாதிரிக் கணக்கு ஒன்றுகூடப் போட மாட்டார், நிலைப் பொறியால் எது ஆகாது என்று காட்டப் பயன்படும் பம்பிங் லெம்மாவை ஒரே மூச்சில் தாண்டிவிட்டார். சான்றிதழும் கிடையாது, பதிவு செய்த வீடியோவும் கிடையாது, ஒரு வாரம் விட்டால் போச்சு.

ஆபீஸ் விஷயம் என்ன ஆயிற்று என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. எட்டாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை நான் எழுதிய விதிக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பின்கோடை வைத்து மதிப்பெண் குறைக்கும் வரி ஒன்று இருந்தது, மேலே என் பெயர், தேதி, ‘தற்காலிகம்’ என்று ஒரு குறிப்பு. மூன்று வருடமாகத் தற்காலிகம். அந்த வரியால் எத்தனை கறுப்புக் கொட்டைக்குப் பொட்டு விழுந்தது என்று ஊர் வாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லி ஒரு டிக்கெட், அதாவது குழுவுக்கு ஒரு வேலைக் கோரிக்கை, போட்டேன். நிராகரித்தவர்களுக்குக் கடனே கொடுக்கவில்லை, அப்புறம் அவர்கள் திருப்பியிருப்பார்களா என்று எப்படிச் சொல்வது என்று மேனேஜர் கேட்டார், நல்ல கேள்வி. சிலருக்கு மட்டும் அந்த விதியை நிறுத்திப் பார்க்கலாம் என்றேன். நஷ்டத்தை யார் ஏற்பது என்றார். டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கிறது. கவுன்டர் திரையில் ‘தகுதியில்லை’ என்று மட்டும் வந்துகொண்டிருந்த இடத்தில் எந்த விதியால் நின்றது என்று ஒரு வரி காட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அது அரை நாள் வேலை. அதற்கு மட்டும் யாரும் முடியாது என்று சொல்லவில்லை, அடுத்த காலாண்டு என்கிறார்கள்.

மச்சானுக்கு வேறோர் இடத்தில், கொஞ்சம் கூடுதல் வட்டிக்குக் கடன் கிடைத்து ஆட்டோ வந்துவிட்டது. கொட்டைக் கதையைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அந்தப் பையனுக்கும் ஏன்னு தெரியாதா?” என்றார். தெரியாது என்றேன். “பாவம்” என்றார்.

அடுத்த வகுப்பு தைக்குப் பிறகு என்று கேள்வி. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு, ஒன்பதாவது வாரத்துக்காகத்தான் ஒன்று குறைத்தேன். போகிறவர்கள் நோட்டு, தண்ணீர், உட்கார ஒரு சின்னத் தலையணை கொண்டுபோங்கள், இரும்பு நாற்காலி. ஃபேன் முன் வரிசைக்கு மட்டும்தான் காற்று வீசும், அதனால் 9:45-க்கே போய்விடுவது நல்லது. மாடிப்படி இரண்டாவது திருப்பத்தில் லைட் எரியாது, கைப்பிடியும் கிடையாது, பார்த்து ஏறுங்கள். எவர்சில்வர் தாம்பாளம் இருந்தால் ஒன்று எடுத்துப் போங்கள், மேடம் போன முறை பக்கத்து வீட்டில் கடன் வாங்கித்தான் சமாளித்தார்.